பாட்டுடைமையும் பாவலன் வருவாயும்: பாரதியின் வாழ்வை முன்வைத்து

பாரதியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் அனைவரும் அவரது வறுமையைப் பேசியுள்ளனர். அரிசி இல்லாத வீடும், கடன் கேட்டு எழுதிய மடல்களும், குருவிகளுக்கு இறைக்கப்பட்ட தானியமும் தமிழர் அனைவரும் அறிந்த காட்சிகளாகிவிட்டன. பாட்டு எழுதிய ஒருவருக்கு அப்பாட்டிலிருந்து எவ்வழியில் பணம் வந்திருக்கக்கூடும், அது ஏன் வரவில்லை, பின்னர் யாருக்கு வந்தது என்னும் வினா மட்டும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவைக் கொண்டு அவரது வாழ்வை மீண்டும் காண இக்கட்டுரை முயல்கிறது.

1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியத்தின் இளமை, ஒரு தொழில் முயற்சியின் வீழ்ச்சியோடு பிணைந்தது. தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை நிறுவ முயன்று பொருளிழந்தார்; 1898-இல் மறைந்தார். காசி வாழ்வுக்குப் பின் எட்டயபுரம் அரண்மனைப் பணி, 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாத ஆசிரியப் பணி, அவ்வாண்டின் இறுதியில் சென்னைச் சுதேசமித்திரன் அலுவலகம் எனப் பாரதி இடம் மாறினார். இவற்றுள் எதிலும் அவர் ஊதியம் பெற்றது பாட்டுக்காக அன்று. அரண்மனையில் தோழமைக்கும், பள்ளியில் வகுப்புக்கும், இதழில் மொழிபெயர்ப்புக்கும் கூலி கிடைத்தது. பாட்டு இவற்றோடு ஒட்டிக்கொண்டு விலையின்றி வந்தது.

1907-இல் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. மிதவாதியான வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் தமக்கு எதிரணியில் நின்ற இளைஞரின் நாட்டுப்பாடல்களைக் கேட்டு நெகிழ்ந்து, 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அக்காலத் தமிழ் நூலொன்றுக்கு ஆயிரம் படி விற்பதே அரிது என்பதை எண்ணினால் இது பெரும் பரவல். ஆயினும் விலையில்லாப் படியில் ஆசிரியனுக்குப் பங்கு ஏது? பாரதியின் பாட்டு தமிழ்நாட்டில் முதன்முதலில் பெருவாரியாகப் பரவியபோதே அது இலவசப் பொருளாகப் பரவிற்று. இத்தொடக்கத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலவில்லை.

1908-இல் புதுச்சேரி சென்ற பாரதி பத்தாண்டுகள் அங்கே இருந்தார். 'இந்தியா' இதழ் 1910-இல் நின்றது. 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912-இல் அச்சேறியது. 'கண்ணன் பாட்டு' 1917-இல் பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால் வெளிவந்தது. அச்சிட்டவர்கள் அன்பர்கள், அவர்களும் பொருள் படைத்தோர் அல்லர். எழுதியவற்றுள் பெரும்பகுதி கையெழுத்துப் படியாகவே கிடந்தது. விற்பனையாளரும் வாங்குவோரும் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருக்க, ஆசிரியர் அதற்கு வெளியே இருந்தார் என்னும் எளிய உண்மையே அவரது வருவாயை அடைத்துவிட்டது.

1918 நவம்பரில் எல்லை கடந்து கைதாகி, சில வாரங்களில் விடுதலையாகிக் கடையத்தில் தங்கிய காலம் நம் வினாவுக்கு மிகவும் இன்றியமையாதது. 1919 மே மாதத்தில் அவர் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி விடுத்தார். சால்வையும் பொற்பையும் பல்லக்கும் கேட்கும் அம்மரபு, புலவனின் ஊதியத்தை வள்ளலின் மனத்தில் வைப்பது. அரண்மனை ஆதரிக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1920 ஜூன் மாதத்தில், அதே மனிதர் அச்சிட்ட சுற்றறிக்கை ஒன்றை நண்பர்களுக்கு விடுத்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 படிகளாக வெளியிடப்போவதாகவும், தொடக்கச் செலவு 20,000 ரூபாய் என்றும், ஓரிரு ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் ரூபாய் ஆதாயம் வரும் என்றும் அதில் கணக்குக் காட்டினார். அத்தொகையைத் திரட்ட அவர் நன்கொடை கேட்கவில்லை. வட்டிக்குக் கடன் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல நூல்கள் எளிதாய் விற்கும் என்பது அவர் நம்பிக்கை.

இக்கணக்கைச் சிலர் கவிஞனின் கனவென்று புன்னகையுடன் கடந்துவிடுவர். வகுத்துப் பார்க்கலாம். நான்கு லட்சம் படிகளுக்கு 20,000 ரூபாய் என்றால் படிக்குச் செலவு ஓரணாவுக்கும் குறைவு. ஆதாயமோ படிக்கு ஆறணா. செலவைக் குறைத்தும் வாங்குவோரைக் கூட்டியும் அவர் மதிப்பிட்டார் என்பது வெளிப்படை. ஆனால் கணக்கின் அடிப்படை பிழையன்று. வள்ளல் ஒருவர் தரும் பெருந்தொகைக்கு மாற்றாக, முகமறியாத பலர் தரும் சிறுதொகைகளின் கூட்டே கலைஞனின் ஊதியம் என்பதைத் தமிழில் இத்துணைத் தெளிவாக எண்ணால் எழுதிக் காட்டிய பாவலர் வேறொருவரை அக்காலத்தில் காணோம். சீட்டுக்கவியும் சுற்றறிக்கையும் ஒரே கையிலிருந்து ஓராண்டு இடைவெளியில் வந்தவை என்பதை ஆய்வாளர் சேர்த்துப் படிக்க வேண்டும். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் பாரதி மறைந்தபோது அவருக்கு அகவை 39 நிறையவில்லை.

இங்கே சட்டத்தின் நிலையைச் சற்று நின்று நோக்குவோம். 1914-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தை இந்நாட்டுக்கு உரியதாக்கிற்று. ஆசிரியர் வாழ்நாளும் மறைவுக்குப் பின் ஐம்பது ஆண்டுகளும் உரிமைக்காலம். அச்சிடும் உரிமையோடு, ஒரு படைப்பை இயந்திரத்தின் வழி ஒலிக்கச் செய்யும் தட்டுகளை உருவாக்கும் உரிமையும் ஆசிரியனுக்கே உரியது. ஆகவே கண்ணன் பாட்டு வெளிவந்த நாளிலேயே அதனை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை பாரதியிடம் சட்டப்படி இருந்தது. அதற்குச் சந்தை மட்டுமே இல்லை.

அச்சட்டத்தில் ஆசிரியனுக்குக் காப்பாக மற்றொரு விதியும் உண்டு. ஆசிரியனே தன் உரிமையை விற்றிருந்தாலும், அவ்விற்பனை அவன் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. அதன்பின் உரிமை அவன் மரபினரைச் சேரும். வறுமையில் மலிவாக விற்றவனின் குடும்பத்தைக் காக்க வந்த விதி இது. பாரதி தாமே விற்றிருந்தால் 1946-இல் உரிமை குடும்பத்துக்கு மீண்டிருக்கும். ஆனால் அவர் எதையும் விற்கவில்லை. விற்கும் நிலை அவர் மறைவுக்குப் பின் குடும்பத்துக்கு நேர்ந்தது. மரபினர் செய்த விற்பனைக்கு அவ்விதி பொருந்தாது.

1922-இல் செல்லம்மா பாரதி 'பாரதி ஆசிரமம்' என்னும் பெயரில் சுதேச கீதங்களை வெளியிட்டார். கைம்பெண் ஒருவர் பதிப்பாளராவது அக்காலச் சூழலில் எளிய செயலன்று, முயற்சி நீடிக்கவில்லை. 1924-இல் உறவினர் சிலரும் பாரதியின் இளவல் சி. விசுவநாதனும் சேர்ந்து பாரதி பிரசுராலயத்தைத் தொடங்கினர். அப்பதிப்பகமே பாரதியைத் தொடர்ந்து அச்சில் வைத்திருந்தது. 1928-இல் அரசு சுதேச கீதங்களைப் பறிமுதல் செய்தபோது அடியை ஏற்றதும் அதுவே. 1930-களின் தொடக்கத்தில் குடும்பத்தின் உரிமை முழுதும் பிரசுராலயத்திற்கு விலையாகிச் சென்று, பின்னர் விசுவநாதன் ஒருவரிடம் நின்றது. பிற்காலப் பேச்சுகள் அவரைக் கடுமையாக நடத்தின. நூல் விற்பனையால் வரும் சிறுவருவாய்க்கு ஈடாக நீண்ட உழைப்பைத் தந்தவர் என்றே அவரை மதிப்பிடத் தோன்றுகிறது.

சிக்கல், பாட்டு தாளை விட்டு ஒலிக்கு மாறியபோது எழுந்தது. 1930-களில் இசைத்தட்டு, பேசும்படம், வானொலி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தன. 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நடித்துப் பாட கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் பேசப்பட்டது; குரலின் விலை அவ்வாறு உயர்ந்தது. அதே ஆண்டு 'மேனகா' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை மட்டும் தனியே பிரித்து, சூரஜ்மல் நிறுவனத்தின் ஜெய்சிங்லால் மேத்தாவுக்குப் பிரசுராலயம் விற்றது. நூலுரிமையே பெரிது, ஒலியுரிமை உபரி என்று விற்றவர்கள் கருதியிருத்தல் வேண்டும். அவ்வுரிமை மேத்தாவிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்குச் சென்றது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாயிலாக இசைத்தட்டு வணிகத்தை உள்ளிருந்து அறிந்தவர் அவர். உபரி எனப்பட்டதன் உண்மை மதிப்பை முதலில் கண்டவரும் அவரே. 1947 பொங்கலில் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. நூல் வாங்கும் பழக்கமில்லாத பல்லாயிரவர் அப்பாடல்களைச் சீட்டு வாங்கிக் கேட்டனர். பாரதி 1920-இல் கணக்கிட்ட பெருந்திரள் வந்து சேர்ந்தது; சீட்டுக் காசில் அவர் வீட்டுக்குரிய பங்கு மட்டும் எவ்வொப்பந்தத்திலும் எழுதப்படவில்லை.

1948-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்கணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது உரிமை மீறல் வழக்கு எழுந்தது. வழக்கு இருவருக்கிடையே நின்றுவிடாமல் ஊராரின் பேச்சாயிற்று. பாரதி விடுதலைக் கழகம் அமைந்தது, வ.ரா. முன்னின்றார். செல்லம்மாவின் இசைவைப் பெறத் திருநெல்வேலி சென்ற குழுவில் திருலோக சீதாராம் இருந்தார். உரிமையைப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இழந்திருந்த அம்மையாரின் கையொப்பத்திற்குச் சட்டத்தில் வலுவில்லை. ஆயினும் அதைப் பெறாமல் மேற்செல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை.

1949 மார்ச் 12 அன்று, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையின் கல்வியமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், அரசு அவ்வுரிமைகளை ஏற்பதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். மெய்யப்பச் செட்டியார் ஒலியுரிமையைப் பணம் பெறாமல் அளித்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய் வழங்கப்பெற்றது. சட்டப்படி உரிமை ஏதும் எஞ்சியிராத செல்லம்மாவுக்கும் மகளிர் இருவருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் தரப்பட்டது. அது உரிமையின் விலை என்னும் கணக்கில் வராது. அரசு தந்த உதவித்தொகையே. சந்தை தராத ஊதியம் ஒருவகையில் மீண்டும் கொடையாகவே வந்து சேர்ந்தது. செல்லம்மா 1955-இல் காலமானார். பாரதி எழுத்தின் சட்ட உரிமைக்காலம் இயல்பாக முடிந்திருக்க வேண்டிய ஆண்டு 1971.