ஆள் சேர்க்கப் போன அண்ணல்

1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டனை நாம் அறிவோம். அதே உலகப் போருக்கு 1918-இல் ஊர் ஊராக ஆள் தேடினார் காந்தியடிகள்! துணை நின்றால் சுயராஜ்யம் கிட்டும் என நம்பினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கனுக்குக் கட்டாயச் சட்டம் இருந்தது. அடிகளுக்கு வாய்ச்சொல் மட்டுமே.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 600 ஊர். ஊருக்கு 20 பேர் கேட்டார். வரிமறுப்புப் போரில் இலவசமாய் வண்டி கட்டியவர்கள், இப்போது வாடகைக்கும் தர மறுத்தனர். உணவைப் பையில் சுமந்து நாளுக்கு 20 மைல் நடந்தார். அகிம்சை பேசியவர் ஆயுதம் ஏந்தச் சொல்லலாமா என்று கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. நவம்பரில் போரே முடிந்துவிட்டது.