விடிவதற்குள் பழையபடி வைத்துவிட வேண்டும்: எம்.ஆர்.ஐ. படத்துக்கு வழி காட்டிய பால் லாட்டர்பர் யார்?

முதுகுவலின்னு டாக்டரிடம் போனால், எல்4-எல்5 டிஸ்க் எப்படி இருக்குன்னு பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வரச் சொல்கிறார். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்ம தலைமுறைக்கு இது புதுசு இல்லை. கத்தி வைப்பதில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. உடம்பில் இருக்கும் தண்ணீர், கொழுப்பு ஆகியவற்றின் ஹைட்ரஜனை வைத்தே படம் வந்துவிடுகிறது. இப்படிப் படம் பிடிக்க முடியும் என்று காட்டியவர் ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியர். பெயர் பால் லாட்டர்பர்.

1929 மே 6 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சிட்னி என்ற சின்ன ஊரில் பிறந்தார். பள்ளி நாட்களிலேயே வீட்டின் கீழ்த்தளத்தில் சொந்தமாக ஒரு லேப் வைத்திருந்தார். பையனுக்குப் பாடத்தைவிடச் சோதனைதான் பிடிக்கிறது என்று புரிந்துகொண்ட கெமிஸ்ட்ரி ஆசிரியர், வகுப்பின் பின்பக்கம் அவர் இஷ்டத்துக்குச் செய்து பார்க்க விட்டுவிட்டார். அந்த ஆசிரியருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

1951-ல் பட்டம் வாங்கி, பிட்ஸ்பர்க்கில் மெலன் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்தார். நடுவில் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. ராணுவத்தின் ரசாயன ஆய்வு மையத்தில் அவர் கைக்குக் கிடைத்தது என்.எம்.ஆர். கருவி. திரும்பி வந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1962-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்தார். 1963-ல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

என்.எம்.ஆர். என்ன செய்கிறது?

ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலுவான காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டினால், அவை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பதில் சிக்னல் தரும். 1 டெஸ்லா காந்தப்புலத்தில் இது சுமார் 42.6 மெகாஹெர்ட்ஸ். புலம் இரண்டு மடங்கானால் அதிர்வெண்ணும் இரண்டு மடங்கு. அதனால் கெமிஸ்ட்ரிக்காரர்கள், மாதிரி முழுக்கக் காந்தப்புலம் ஒரே சீராக இருக்க மணிக்கணக்கில் மெனக்கெடுவார்கள். கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சிக்னல் பரவிப்போகும், ஸ்பெக்ட்ரம் பாழ்.

1971-ல், பிட்ஸ்பர்க் அருகே பணக்கஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு என்.எம்.ஆர். கருவி நிறுவனத்தைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு லாட்டர்பருக்கு வந்தது. எலியின் புற்றுக்கட்டித் திசுவும் சாதாரணத் திசுவும் வேறுவேறு மாதிரி சிக்னல் தருகின்றன என்று ரேமண்ட் டமேடியன் அந்த வருஷம்தான் வெளியிட்டிருந்தார். அதைச் சரிபார்க்க ஓர் ஆய்வாளர் அங்கே வந்து அளந்துகொண்டிருந்தார். வித்தியாசம் உண்மைதான். ஆனா அளக்கணும்னா திசுவை வெட்டி எடுக்கணும். வெட்டாமல், சிக்னல் உடம்பின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று வெளியிலிருந்தே தெரிந்துகொள்ள முடியாதா? இந்தக் கேள்வி லாட்டர்பரை விடவில்லை.

செப்டம்பர் 2 அன்று, ஹாம்பர்கர் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வழி தென்பட்டது. எல்லோரும் ஒழிக்கப் பாடுபடும் அந்தச் சீரற்ற காந்தப்புலத்தை, வேண்டுமென்றே உண்டாக்கினால்? ஒரு பக்கம் குறைவாக, மறுபக்கம் அதிகமாக, சரிவு போல. அப்போது ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அதிர்வெண். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், சத்தத்தை வைத்தே ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினார்கள் என்று சொல்லிவிடலாமே, அதுபோலத்தான். ஸ்கேன் எடுக்கும்போது காதைப் பிளக்கும் அந்தத் தட்டல் சத்தம் இருக்கே, இந்தச் சரிவை உண்டாக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாய்வதால் வருவதுதான்.

யோசனையை நோட்டில் எழுதி, மறுநாளே சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்தார்.

ராத்திரி ஷிப்ட்

ஸ்டோனி புரூக்கில் இருந்த 60 மெகாஹெர்ட்ஸ் கருவி கெமிஸ்ட்ரி துறையின் பொதுச் சொத்து. பகலில் மற்ற ஆய்வாளர்கள், மாணவர்கள் வேலை. லாட்டர்பருக்குக் கிடைத்தது ராத்திரி. புலத்தைச் சாய்த்துச் சோதனை செய்துவிட்டு, விடிவதற்குள் பழையபடி சீராக்கி வைத்துவிட வேண்டும். இல்லைன்னா காலையில் வருகிறவரின் வேலை கெட்டுப்போகும்.

முதல் படம் எது தெரியுமா? கனநீர் நிரப்பிய 4.2 மில்லிமீட்டர் குழாய்க்குள், சாதாரணத் தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்கள். நான்கு கோணங்களில் கிடைத்த சிக்னல்களைச் சேர்த்தபோது இரண்டு மங்கலான வட்டங்கள் தெரிந்தன. பார்க்க ஒன்றுமே இல்லாத படம்தான். ஆனால் கனநீரையும் தண்ணீரையும் பிரித்துக் காட்டியது. இன்னொரு சோதனையில், ஒரு குழாயில் மட்டும் கொஞ்சம் மாங்கனீசு உப்பு. அதையும் தனியாக அடையாளம் காண முடிந்தது.

நேச்சர் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அவர் விடவில்லை, மறுபடியும் கேட்டு, திருத்தி அனுப்பினார். 1973 மார்ச்சில் வெளியானது. முறைக்கு அவர் வைத்த பெயர் ஸூக்மட்டோகிராபி. நுகத்தடியில் மாடுகளைப் பூட்டுவதுபோல இரண்டு புலங்களைப் பூட்டுவது என்று கிரேக்க மொழியிலிருந்து எடுத்தது. வாயில் நுழைந்தால்தானே நிலைக்கும்! போய்விட்டது.

அடுத்து, மகள் கடற்கரையில் பொறுக்கி வந்த ஒரு சின்னக் கிளிஞ்சல் உயிரி. 1974-ல் உயிருள்ள எலியின் மார்புப் பகுதி. பேட்டன்ட் வாங்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்திடம் கேட்டார். செலவழித்த காசு திரும்பாது என்று அவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். பின்னாளில் இது எவ்வளவு பெரிய தொழில் ஆனது என்று யோசித்தால், வயிறு எரியத்தான் செய்கிறது.

யாருக்குச் சொந்தம்?

1977-ல் டமேடியனும் அவருடைய மாணவர்களும் தாங்களே கட்டிய கருவியில் மனித உடலைப் படம் எடுத்தார்கள். கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆனது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்பீல்ட், படத்தை மிக வேகமாக எடுக்கும் கணக்கைக் கொடுத்தார்.

2003-ல் மருத்துவ நோபல் லாட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் போனது. மூன்று பேர் வரை கொடுக்கலாம். மூன்றாவது இடம் காலி. டமேடியன் தரப்பு அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக் கண்டித்தது. திசு வித்தியாசத்தை முதலில் சொன்னவர் அவர்தான், மறுக்க முடியாது. ஆனா இன்றைய ஸ்கேன் நிற்பது லாட்டர்பரின் அந்தச் சரிவின் மேல். காலி இடத்தில் டமேடியனையும் உட்கார வைத்திருக்கலாம் என்பதே நம் கருத்து.

லாட்டர்பர் 1985-லேயே இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கே உயிரிமருத்துவக் காந்த ஒத்ததிர்வு ஆய்வகத்தை நடத்திவந்தார். கடைசி ஆண்டுகளில் அவரை இழுத்தது வேறொரு கேள்வி: உயிரே இல்லாத ரசாயனங்களிலிருந்து உயிர் எப்படித் தோன்றியது? அதில் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, சிறுநீரக நோயால் 2007 மார்ச் 27 அன்று 77 வயதில் இறந்தார்.