ரண ஜன்னியை மடக்கிய கிடசாட்டோ

ஆணி குத்தினா டி.டி. ஊசி போடச் சொல்றாங்களே, அதுக்கு முதலில் வழி திறந்தவர் யார்னு தேடிப் படித்தேன். ஷிபாசபுரோ கிடசாட்டோ! 1853-ல் ஜப்பானில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்துவிட்டு, பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

ரண ஜன்னி வந்தால் தாடை இறுகி வாய் திறக்க வராது. பிறகு முதுகு வில்லாக வளையும். மண்ணிலிருந்து புண்ணுக்குள் போகும் கிருமிதான் காரணம். அதைத் தனியாக வளர்க்கப் பார்த்தால், வேறு கிருமிகளும் கூடவே வளர்ந்தன. கிடசாட்டோ எல்லாவற்றையும் 80 டிகிரிக்குச் சூடாக்கினார். மற்றவை செத்தன, இதன் வித்துகள் மட்டும் தப்பின. இதற்குக் காற்று ஆகாது என்பதால் ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்தார். 1889-ல் ஜெயித்தார். என்ன மூளை பாருங்க!

ஆளைக் கொல்வது அந்தக் கிருமி கக்கும் விஷம். அதை முறிக்கும் பொருள் ரத்தத்திலேயே உருவாகும் என்று 1890-ல் பெரிங்கோடு சேர்ந்து காட்டினார். இன்றும் ஜன்னி கண்டவருக்கு முறிமருந்து ஊசியை உடனே போடுறாங்க. நரம்பில் ஏறிவிட்ட விஷத்தை அதனால் எடுக்க முடியாது, அதான் அவ்வளவு அவசரம்.

1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்கு மட்டும் போனது, தொண்டை அடைப்பான் சீரத்துக்காக. எனக்கு அது நியாயமாப் படலை. கிடசாட்டோ 1931-ல் இறந்தார். 2024-ல் வெளிவந்த 1000 யென் நோட்டில் அவர் முகம்தான் இருக்கு.