ருடால்ப் டீசல்

கடுங்குளிர்ப் பிரதேசங்களில் டீசல் லாரியொன்று காலையில் கிளம்ப மறுத்தால், பல சமயங்களில் குற்றம் யந்திரத்தினுடையதன்று. எண்ணெய் அதற்கு வந்து சேரவில்லை என்பதே காரணம். டீசல் எண்ணெயில் இயல்பாகவே மெழுகுச் சத்து உண்டு. குளிர் முற்றினால் அது சிறு மணிகளாகத் திரண்டு பில்டரை அடைத்துவிடுகிறது. இந்த எண்ணெய்க்கும் யந்திரத்துக்கும் பெயரளித்த ருடால்ப் டீசலோ, தமது தொழில் வாழ்வின் முதற் பத்தாண்டுகளைக் குளிரை உண்டாக்குவதிலேயே கழித்தவர். அவருடைய சரித்திரம் நேயர்கள் அறியத் தக்கது.

1858-ஆம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் பவேரியா நாட்டினர். தகப்பனார் தோல் வேலை செய்து பிழைத்தவர். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் யுத்தம் மூளவே, குடும்பம் பாரிஸை விட்டு லண்டனுக்கு ஓட நேர்ந்தது. சிறுவனை ஆக்ஸ்பர்க்கிலிருந்த உறவினரிடம் அனுப்பினார்கள். பின்னர் மியூனிக் தொழிற்கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர், குளிர்பதன யந்திரத்தில் பெயர் பெற்ற கார்ல் வான் லிண்டே. 1880-ல் தேறிய மாணவர் பாரிஸுக்குத் திரும்பி, ஆசிரியருடைய பனிக்கட்டி யந்திரத் தொழிலிலேயே அமர்ந்தார்.

உஷ்ணத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் விடுவதே பனிக்கட்டி யந்திரத்தின் வேலை. அதில் பழகியவருக்கு, நீராவி யந்திரம் நிலக்கரியின் உஷ்ணத்தில் பெரும் பகுதியை வீணாக்குவது பொறுக்கவில்லை. காற்றை மிகுதியாக அழுத்தினால் அது தானே கொதிப்பேறும். அப்பொழுது எண்ணெயைச் செலுத்தினால் நெருப்புப் பொறியின்றியே பற்றும் என்று கண்டார். 1892-ல் பேடண்டுக்கு விண்ணப்பித்தார். நியாயஸ்தலங்களில் பழகிய நாம் ஒன்று சொல்லாதிருக்க முடியாது: அந்தப் பத்திரத்தில் எழுதிய முறை வேறு, பின்பு ஓடிய யந்திரத்தின் முறை வேறு. எதிரிகள் இதைச் சும்மா விடவில்லை. ஆயினும் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் 1893 முதல் நான்கு வருஷங்கள் அவர் பட்ட பாட்டை எந்த எதிரியும் மறுக்கவியலாது. 1894 பிப்ரவரியில் யந்திரம் தன் பலத்தில் ஓடியது சுமார் ஒரு நிமிஷமே. 1897-ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் பரீட்சித்தபொழுது, எண்ணெயின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் வேலையாக மாறியது. அக்காலத்து நீராவி யந்திரங்கள் இதன் அருகில் வரவில்லை.

ஆனால் எண்ணெயை உள்ளே செலுத்தும் வழிதான் அவரை இறுதிவரை வருத்தியது. பம்பினால் நேரே செலுத்திப் பார்த்தார். துளியளவு எண்ணெயை வேளை தவறாமல் அளந்து தரும் பம்பு அன்று இல்லை. ஆகவே அழுத்திய காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதிச் செலுத்தினார். அதற்கென்று தனிக் காற்றுப் பம்பும் குப்பிகளும் வேண்டியிருந்தன. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அந்தப் பாரம் பொருட்டன்று, லாரிக்கோ ஒவ்வாது. பாதைகளில் தம் யந்திரம் ஓடும் நாளை அவர் காணவில்லை. செல்வம் வந்த வேகத்திலேயே கரைந்தது. 1913 செப்டம்பர் 29-ந் தேதி ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட டிரெஸ்டன் என்னும் கப்பலில் இரவு படுக்கச் சென்றவரை மறுநாள் காணோம். பத்து நாட்களுக்குப்பின் அவர் உடல் கடலில் தென்பட்டது. தற்கொலை என்பார் பலர். சாட்சியமின்றித் தீர்ப்புக் கூற நாம் துணியோம்.

அவர் விட்ட குறையைப் பிறர் தீர்த்தனர். 1909-ல் ப்ராஸ்பர் லோரான்ஜ் என்பவர் ஊதுகாற்று வேண்டாத முன்னறை அமைப்புக்குப் பேடண்டு பெற்றார். 1920-களின் நடுவில் பென்ஸ், மான் கம்பெனிகள் டீசல் லாரிகளைச் செய்தன. 1927-ல் ஸ்டட்கார்ட் நகரத்து பாஷ் தொழிற்சாலை இன்ஜெக்ஷன் பம்பைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கவே, லாரி உலகம் டீசல் வசமாயிற்று. உடனே குளிரும் எதிர்த்து நின்றது. குளிர்ந்த சிலிண்டர் சுவர்கள் அழுத்திய காற்றின் உஷ்ணத்தை விழுங்கிவிடும். அதற்கு ஹீட்டர் பிளக் வைத்தார்கள். மெழுகுக்கு மருந்து எண்ணெய் வரும் பாதையிலேயே இருக்கிறது. பில்டருக்கு மின்சார ஹீட்டர் பொருத்துவது ஒன்று. பம்பில் மிஞ்சிச் சூடாகத் திரும்பும் எண்ணெயை டாங்கிக்கு விடாமல் பில்டருக்கே அனுப்புவது மற்றொன்று. தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணமும் வேண்டும். எண்ணெயோடு கலந்த நீர் மெழுகுக்கு முன்பே உறைந்து வழியை மறிக்கக் கூடும். மண்ணெண்ணெய் கலந்து இளக்கும் பழைய வழக்கத்தை இக்காலத்து நுண்ணிய பம்புகளிடம் காட்டலாகாது; அதில் வழவழப்புக் குறைவாதலால் பம்பு தேய்ந்துவிடும்.

பாதையை எவ்வளவு திருத்தினாலும் எண்ணெயே உறையுமானால் பயனில்லை. லடாக் போன்ற பிரதேசங்களுக்கென்று, பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரையில் ஓட்டம் குன்றாத டீசலை இந்தியன் ஆயில் கம்பெனி 2019 நவம்பரில் வெளியிட்டது.