ரக்ஷகனைக் காத்த பிள்ளை லோகாசார்யர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸம்ப்ரதாய க்ரந்தங்களைச் சேவிக்கத் தொடங்குபவர் முதலில் தடுமாறுவது சொற்களில்தான். சேஷத்வம், பாரதந்த்ர்யம், உபாயம், உபேயம், புருஷகாரம் ஆகியவற்றின் பொருள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் ஸித்தாந்தம் முழுதும் குழம்பிவிடும். வங்கியில் காலம் கழித்த அடியேனுக்கு இது நன்றாக விளங்கும். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் ஐந்தொகை நேராகாது. இச்சொற்களுக்கு எளியோரும் அறியும்படி பொருள் வரையறுத்துத் தந்தவர் பிள்ளை லோகாசார்யர். அவர் விளக்கிய பொருள்களில் ஒன்று, அந்திம காலத்தில் அவருடைய வாழ்வாகவே ஆன விதத்தை இங்கு அநுபவிப்போம்.

நம்பிள்ளையின் திருவாய்மொழிக் காலக்ஷேபத்தை ஈடு முப்பத்தாறாயிரப்படியாக ஏடுபடுத்தியவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அவருக்குத் திருக்குமாரராக 1205ஆம் ஆண்டு, க்ரோதந வருஷம் ஐப்பசித் திருவோணத்தில் திருவரங்கத்தில் நம் ஆசார்யர் அவதரித்தார் என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. நம்பிள்ளைக்கு லோகாசார்யர் என்ற திருநாமமும் உண்டாகையால், அவரருளால் பிறந்த பிள்ளைக்கு அப்பெயரே சாற்றப்பட்டது. ஆசார்ய ஹ்ருதயம் அருளிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இவருடைய இளவல். இருவரும் திருமணம் செய்துகொள்ளாமல் ஸம்ப்ரதாய கைங்கர்யத்துக்கே தம்மை அர்ப்பணித்தனர்.

இவர் அருளிய ரஹஸ்ய க்ரந்தங்கள் 18. தத்வ த்ரயம் சித், அசித், ஈச்வரன் என்ற மூன்றின் தன்மையைப் பிரித்துக் காட்டும். அர்த்த பஞ்சகம், ஜீவன், ஈச்வரன், அடைய வேண்டிய பயன், அதற்கான வழி, இடையே நிற்கும் தடை என்ற ஐந்தையும் ஒவ்வொன்றும் ஐந்து வகையாக விளக்கும். முமுக்ஷுப்படி திருமந்த்ரம், த்வயம், சரமச்லோகம் என்ற மூன்று ரஹஸ்யங்களின் பொருளைச் சொல்லும். ஸம்ஸ்க்ருத சாஸ்த்ரப் பயிற்சிக்கு வாய்ப்பில்லாதவரும் உய்ய வேண்டும் என்ற பரிவால் இவற்றை மணிப்ரவாள நடையில், மனத்தில் நிறுத்தத் தக்க சிறு வாக்யங்களாக அருளினார்.

ஸ்ரீவசந பூஷணம் பிறந்த வரலாற்றைப் பெரியோர் இவ்வாறு கூறுவர். காஞ்சிப் பேரருளாளன் மணற்பாக்கத்து நம்பி என்பவருக்குக் கனவில் சில அர்த்தங்களை உபதேசித்து, மேலும் அறியத் திருவரங்கம் செல்லுமாறு பணித்தான். அங்குக் காட்டழகிய சிங்கர் ஸந்நிதியில் மறைந்திருந்து கேட்ட நம்பி, அதே அர்த்தங்களைப் பிள்ளை லோகாசார்யர் சிஷ்யர்களுக்கு உபதேசிக்கக் கண்டு வியந்து, வெளிவந்து அவர் திருவடியில் விழுந்தார். பின்னர்ப் பேரருளாளன் நியமனப்படி அவ்வர்த்தங்கள் க்ரந்தமாயின.

ஈச்வரன் ரக்ஷகன், ஜீவன் ரக்ஷிக்கப்படுபவன் என்பதே நம் ஸித்தாந்தத்தின் ஆணிவேர். ஞான நிலையில் இம்முறை பிறழாது என்றும், ப்ரேமம் முற்றிய நிலையில் இது தலைகீழாகும் என்றும் ஸ்ரீவசந பூஷணம் நுட்பமாகக் காட்டுகிறது. மதுரையில் கருடன்மேல் எழுந்தருளிய எம்பெருமானைக் கண்ட பெரியாழ்வார், தமக்கு ஒன்றும் வேண்டாமல், அவனுக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினாரன்றோ? வங்கியில் பற்றும் வரவும் மாறினால் அது பிழை. இங்கு முறை மாறுவதே பெருமை.

14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியது. பெரிய பெருமாள் திருமுன்பு கல்திரை இடப்பட்டது. நூறு பிராயத்தைக் கடந்தவர் என்று ஸம்ப்ரதாயம் கூறும் நம் ஆசார்யர், நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு சில அடியார்களுடன் தென்திசை நோக்கிப் புறப்பட்டார். வழியில் கள்வர்கள் பெருமாளுடைய உடைமைகளைக் கவர்ந்தபோது, தம்மிடம் எஞ்சியிருந்தவற்றையும் கொடுத்துவிட்டார் என்பர். பொருள் போனாலும் பெருமாளுக்குத் தீங்கு நேராதிருக்க வேண்டும் என்பதொன்றே அவர் திருவுள்ளம். உலகனைத்தும் காப்பவனுக்கு ஒரு முதியவரின் காவல் எதற்கு என்று ஞானம் கேட்கும். ப்ரேமம் அதற்குச் செவி கொடுப்பதில்லை.

பெரியாழ்வார் பல்லாண்டு பாடிய அதே மதுரைக்கு அருகில், ஆனைமலையடியில் உள்ள ஜ்யோதிஷ்குடியில் நம்பெருமாளுடன் தங்கியிருந்து, அங்கேயே ஆசார்யர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் மீண்டும் திருவரங்கம் சேர்ந்ததை அவர் இந்நிலத்திலிருந்து காணவில்லை. அது 1371ஆம் ஆண்டிலேயே கைகூடிற்று.

ஆயினும் அந்திம காலத்திலும் அவர் எதிர்காலத்தை மறக்கவில்லை. மதுரையில் ராஜ்ய கார்யத்தில் ஆழ்ந்திருந்த திருமலையாழ்வாரை மீட்டு ஸம்ப்ரதாயத்தில் நிலைநிறுத்தும் பொறுப்பைக் கூரகுலோத்தம தாஸர் முதலானோரிடம் ஒப்படைத்தார். அந்தத் திருமலையாழ்வாரே பின்னர்த் திருவாய்மொழிப் பிள்ளை ஆனார். அவருடைய திருவடிகளை ஆச்ரயித்த மணவாள மாமுனிகள் முமுக்ஷுப்படி, தத்வ த்ரயம், ஸ்ரீவசந பூஷணம் மூன்றுக்கும் வ்யாக்யானம் அருளினார். இன்று நாம் இச்சொற்களின் பொருளை ஐயமற அறிவது அதனால்தான்.

சொற்பொருளை அறிவது ஞானம். அப்பொருளாகவே வாழ்வதை ஜ்யோதிஷ்குடி நமக்குக் காட்டுகிறது. அடுத்த முறை திருப்பல்லாண்டு சேவிக்கும்போது, பெருமாளைச் சுமந்து நடந்த அந்த ஆசார்யரையும் நினைப்போமாக.

பிள்ளை லோகாசார்யர் திருவடிகளே சரணம்.
அடியேன் ராமாநுஜ தாஸன்