திறைசேரி எழுதுவினைஞர் கண்ட புதுமீன்

ஆனி மாதத்து முன்னிரவிலே காரைதீவு, கல்முனைக் கடற்கரைகளில் நின்று கிழக்கே நோக்குவோர் திருவோண நட்சத்திரம் கடலினின்றும் எழுவதைக் காணலாம். அத் திருவோணம் அமைந்த கழுகு மண்டலத்திலேதான் 1918 யூன் மாதத்தில் முன்னில்லாத மீனொன்று திடீரெனச் சுடர்விட்டது. உலகின் பல பாகங்களிலும் அதனைத் தாமாகவே கண்டுகொண்டோர் சிலருள் ஒருவர் இராதா கோவிந்த சந்திரர் என்னும் வங்காளப் பெரியார்.

அன்னார் 1878இல், இன்று வங்காளதேசத்திலுள்ள ஜெசோர்ப் பகுதியிற் பிறந்தார். ஆறாம் வகுப்பிலே, அக்ஷயகுமார தத்தர் பிரபஞ்சத்தின் பெருமைபற்றி எழுதிய பாடத்தைப் படித்த நாள் தொட்டு வானமே அவர் சிந்தையாயிற்று. பிரவேசப் பரீட்சையில் மும்முறை தோற்றார். (இவ்விடத்தை நம் வாலிபர் சிலர் இருமுறை வாசிப்பர் என்பதை நாம் அறிவோம்!) பின்னர் ஜெசோர்க் கச்சேரித் திறைசேரியிற் சிறு உத்தியோகம் கிடைத்தது. பகலில் நாணயம் எண்ணியவர் இரவில் நட்சத்திரம் எண்ணினார். 1912இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடியொன்றை வரவழைத்தார்.

ஆயினும் புதுமீனைக் காட்டிக்கொடுத்தது கண்ணாடியன்று, பழக்கமே. ஊராரையெல்லாம் அறிந்தவனுக்கன்றோ புதியவன் வந்திருப்பது தெரியும்? கல்முனையில் முஸ்லிம் சகோதரர் பிறை பார்க்கக் கூடும்போதும் பழகிய கண்ணுக்கே அது முதலிற் படுகிறது. சந்திரர் தம் வரைபடத்தில் அம்மீன் இல்லாமையைக் கண்டு, ஹாவாட் வானாய்வகத்துக்கு எழுதினார்.

உண்மையில் அது புதிய மீனன்று. ஒடுங்கிப்போன வெண்குறு மீனொன்று தன் துணை மீனிடமிருந்து வாயுவை ஈர்த்துச் சேர்க்க, அவ்வாயு ஒருநாள் அணுத் தீயாய் வெடிக்கின்றது, இதுவே நோவா. அவ்வாண்டின் நோவா மிருகவியாதம், அகத்தியர் என்னும் இரு மீன்களொழிய ஏனையவற்றை விஞ்சி ஒளிர்ந்து, சில நாட்களில் மங்கத் தொடங்கிற்று. அது ஏறக்குறைய 1,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. ஆகவே 1918இல் மக்கள் கண்ட வெடிப்பு சோழர் காலத்தில் நிகழ்ந்ததாகும்.

அமெரிக்காவின் மாறுமீன் அவதானிகள் சங்கம் அவரை உறுப்பினராக்கி, 1926இல் 6 அங்குலக் கண்ணாடியொன்றைக் கடல்கடந்து இரவலாக அனுப்பியது. கச்சேரி எழுதுவினைஞர் ஒருவரை நம்பி! அவரும் 1954 வரை 37,000க்கு மேற்பட்ட அவதானங்களை எழுதியனுப்பினார். பிற்காலத்தில் இந்தியாவிற் குடியேறி, 1975இற் காலமானார். அந்த இரவற் கண்ணாடியோ வைணு பாப்பு அவர்களின் கைக்கு மாறி, ஈற்றில் தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்தைச் சென்றடைந்தது.