கப்பல் விட்டவரும் கட்டணப் போரும்

வ.உ.சிதம்பரனார் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, 1961ஆம் ஆண்டில் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படத்தில் சிவாஜி கணேசன் இழுத்த செக்கு. மற்றொன்று, தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு சிறு பாடம். அந்தப் பாடத்தில் கப்பல் வந்தது, வெள்ளையர் சினந்தனர், தலைவர் சிறை சென்றார், பாடமும் முடிந்தது. இடையில் அந்த நிறுவனம் எப்படி நடந்தது, ஏன் நொடித்தது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்க வந்த பிறகுதான், வ.உ.சி.யைத் தியாகியாக மட்டுமன்றி, ஒரு நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் போட்டியாளரோடு மோதிய வணிகராகவும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த மோதல் நம் தலைமுறைக்குப் புதியதன்று. சிம் லிம் ஸ்குவேரில் கடை கடையாக ஏறி இறங்கி வீடியோ விளையாட்டுச் சாதனம் வாங்கியவர்கள் அதை அருகிலிருந்து பார்த்திருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸை அடக்க விலைக்கும் குறைவாகவே விற்றது. பெட்டியில் போன பணத்தை விளையாட்டுகளில் எடுக்கலாம். அதுவும் தாமதமானால் விண்டோஸ் விற்ற இலாபம் தாங்கிக்கொள்ளும். அதே ஆண்டில் செகா நிறுவனம் டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தி, சாதனம் தயாரிக்கும் தொழிலை விட்டே விலகியது. டிரீம்காஸ்ட் மோசமான சாதனமன்று. அதற்கு உயிராய் இருந்த விசிறிகளும் உண்டு. ஆனால் விலையைக் குறைத்துக் குறைத்து நட்டத்தைத் தாங்க, செகாவிடம் வேறு பெரிய வருமானம் இல்லை. யாருடைய பொருள் சிறந்தது என்பதைவிட, யாரால் அதிக காலம் நட்டப்பட முடியும் என்பதே இத்தகைய போட்டியை முடிவு செய்கிறது. நூறாண்டுகளுக்கு முன் தூத்துக்குடித் துறைமுகத்தில் நடந்ததும் இதுதான்.

ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர்

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். தந்தையைப் போலவே இவரும் வழக்கறிஞர் தேர்வில் தேறினார். சொந்த ஊரில் சில ஆண்டுகள் தொழில் செய்துவிட்டு 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தூத்துக்குடி அப்போது இலங்கைக்கு வாசற்படி. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களும், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்களும், மூட்டை மூட்டையாகச் சரக்கும் அங்கிருந்தே கப்பலேறின. அந்தப் பாதையில் கோலோச்சியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. 1856ஆம் ஆண்டில் கல்கத்தாவை மையமாகக் கொண்டு பிறந்து, பின்னர் இப்பெயரைப் பெற்ற நிறுவனம் அது. அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தங்கள் அதன் கையில் இருந்தன. கல்கத்தா, ரங்கூன், பம்பாய், பினாங்கு, சிங்கப்பூர் என அதன் கப்பல்கள் போகாத துறைமுகம் அரிது. தூத்துக்குடி – கொழும்புப் பாதை அதன் பெரிய கணக்கில் ஒரு சிறிய வரி மட்டுமே.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

1905ஆம் ஆண்டில் வங்காளம் பிரிக்கப்பட்டது. சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. பலர் அந்நியத் துணியைத் துறந்தபோது, வ.உ.சி. கப்பலைப் பற்றிச் சிந்தித்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். வ.உ.சி. துணைச் செயலாளர் பொறுப்பை ஏற்றார்.

மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கை 25 ரூபாய்க்கு விற்றார்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி 2 இலட்சம் ரூபாய் தந்தார். ஆனால் திட்டத்தின் உயிர்நாடி சிறு பங்குகளில்தான் இருந்தது. பங்கு வாங்கிய வணிகர் தம் சரக்கை வேறு கப்பலில் ஏற்ற மாட்டார். முதலீட்டாளரே வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். பணபலத்தில் பின்தங்கிய ஒரு நிறுவனம் இதைவிடச் சிறந்த அடித்தளத்தை அமைத்திருக்க முடியாது.

தொடக்கத்தில் கம்பெனியிடம் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் ஸ்டீமர்ஸ் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்துத் தொழிலைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்குதலால் அந்த வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனது. போட்டியாளரின் விற்பனையை மட்டுமன்றி, அவருக்குப் பொருள் கொடுப்பவரையும் மடக்குவது அன்றும் வழக்கம்தான். வ.உ.சி. கொழும்புக்குச் சென்று வேறொரு கப்பலை அமர்த்தினார். பிறகு, இனி இரவல் கப்பல் உதவாது என்று துணிந்து பம்பாய் வரை சென்று பணம் திரட்டினார். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றக்கூடிய கப்பல்கள் அவை. துறைமுகமே திருவிழாக் கோலம் பூண்டது.

குடையும் கொடுத்தார்கள்

வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. தலைக்கு 1 ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி 8 அணா என்றது. அவர்கள் கட்டணமே வேண்டாம் என்றார்கள். ஏறி வந்தவருக்கு ஒரு குடையையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அப்படியும் பெரும்பாலான மக்கள் சுதேசிக் கப்பலைத் தேடியே போனார்கள்.

நம் பாடநூல்கள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடும். கணக்குப் பார்ப்பவர் சற்று நிற்க வேண்டும். வெள்ளையர் கம்பெனி தூத்துக்குடியில் விட்ட பணத்தை ரங்கூனிலும் கல்கத்தாவிலும் எடுத்துக்கொள்ளும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ ஒரே பாதை. 8 அணாவுக்குப் பயணியை ஏற்றிய ஒவ்வொரு முறையும் நட்டம் விழுந்தது 25 ரூபாய்ப் பங்குக்காரரின் தலையில். நிறைந்து போன கப்பலும் நட்டத்தில் போனது. 1890களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா சீன, ஜப்பானியத் துறைமுகங்களுக்குக் கப்பல் விட முயன்றபோது, பி அண்ட் ஓ நிறுவனம் இதே கட்டணக் குறைப்பால்தான் அவரை விலகச் செய்தது. அவரைவிடக் கையிருப்பு குறைந்த தூத்துக்குடி வழக்கறிஞர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதே வியப்பு.

அவருக்கு இருந்த கூடுதல் மூலதனம் மக்களின் நம்பிக்கை. அதைத் திரட்டும் ஆற்றல் பெரும்பாலும் அவர் ஒருவரிடமே இருந்தது. கம்பெனியின் பெரும்பலம் அதுவே, பெரும்பலவீனமும் அதுவே. அந்த ஒருவரை அகற்றிவிட்டால் குடை கொடுக்க வேண்டிய தேவை இருக்காது.

நாற்பது ஆண்டுத் தண்டனை

1908ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினார்கள். சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்த மில்லை நடத்திய ஹார்வி நிறுவனமே தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் முகவராகவும் இருந்தது. கடலில் போட்டியிட்ட மனிதர் கரையிலும் அவர்களை வென்றுவிட்டார்.

மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே, இருபதும் இருபதுமாக நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் நாலே முக்கால் ஆண்டுக்கு அருகில் அவர் சிறையில் கிடந்தார். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார்.

வெளியே கம்பெனி தள்ளாடியது. பங்குப் பணம் வரவில்லை, சரக்கு குறைந்தது. 1911ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டி நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தவருக்குக் கப்பலும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை.

அரிசிக் கடை முதல் துறைமுகம் வரை

அதன் பிறகு அவர் சென்னையில் அரிசியும் நெய்யும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டி அனுப்பினார்கள். பின்னர் வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவருக்கு ஆங்கிலேயர் மீது பகையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். கடன் சுமையோடு 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். 2011ஆம் ஆண்டில் அத்துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் கணக்கில் தவறினாரா? ஓரளவு, ஆம். ஒரே பாதையை நம்பியதும், கையிருப்பு சேரும் முன் இரண்டு கப்பல்களை வாங்கியதும், அரசியலையும் வணிகத்தையும் ஒரே தோளில் சுமந்ததும் ஆபத்தான முடிவுகள். 1919ஆம் ஆண்டில் கப்பல் விட்ட சிந்தியா நிறுவனம் வேறு வழியில் போனது. கட்டணப் போரில் சில ஆண்டுகள் அடிபட்ட பின், 1923ஆம் ஆண்டில் வெள்ளையர் நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தன் வளர்ச்சிக்கு வரம்பு கட்ட ஒப்புக்கொண்டு பிழைத்தது. வ.உ.சி.க்கு அந்த வழி பிடித்திருக்காது. ஆனால் அவரை வீழ்த்தியது கணக்கு மட்டுமன்று. சந்தையில் முடியாததை நீதிமன்றம் முடித்துக் கொடுத்தது. செகாவைத் தோற்கடிக்க அதன் தலைவரை யாரும் சிறையில் அடைக்க வேண்டியிருக்கவில்லை.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடிய ரஜுலா கப்பலைத் தேக்காவில் வசிக்கும் மூத்தவர்கள் இன்றும் அன்போடு நினைவுகூர்வார்கள். நம் தாத்தா பாட்டிகள் பலர் அதன் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்து சேர்ந்தவர்கள். அந்த ரஜுலா, வ.உ.சி.யை வென்ற அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். தூத்துக்குடிக் கட்டணப் போர் வேறு விதமாக முடிந்திருந்தால், வங்கக் கடலைக் கடந்து இங்கு வந்த ஏதாவது ஒரு கப்பலின் பக்கவாட்டில் தமிழர்களின் கம்பெனிப் பெயர் எழுதப்பட்டிருக்கலாம். அடுத்த முறை வீட்டுப் பெரியவர் ரஜுலாவைப் பற்றிப் பேசும்போது, காலியாவைப் பற்றியும் அவருக்குச் சொல்லுங்கள்.